டீசல் மருந்தோடு மேட்டுப்பட்டிக்கு

காலை 6.10, மதுரை காளவாசல்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்து மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு வண்டி தன் முதல் பயணத்துக்குத் தயாராகி நின்றது. வீட்டு வண்டி என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதே அதைக் கேட்காத ஆளில்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் பழைய டீசல் வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கூரையில் குழாய் வைத்த தண்ணீர் டிரம் என்று பொருத்தியிருந்தோம். வெளிநாட்டில் இப்படி வண்டியிலேயே குடியிருந்து ஊர் சுற்றுகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படம் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த கிறுக்கு அது. கோச்சடையில் எங்கள் தெருக்காரர்கள், "சாயக்காரர் வீட்டுல ஏதோ சண்டை போல, வண்டில தனிக்குடித்தனம் போறாரு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த வண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துதான் போகிறது.

நாங்கள் மூன்று பேர். நான் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். என் மனைவி பத்மா. வண்டியின் ஜன்னல்களுக்கு மஞ்சள் சுங்குடித் துணியில் திரை தைத்துப் போட்டவள். மூன்றாவது ஆள் என் சிநேகிதன் ஒச்சப்பன், வண்டியில் பாதிப் பங்குக்காரன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பத்து வருடம் லாரி ஓட்டிவிட்டுக் காளவாசலில் டீசல் மெக்கானிக் பட்டறை போட்டிருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். நான் அவனை ஒச்சு என்பேன்; அவன் என்னை மாப்ள என்பான். நாலாவதாக ஒரு ஜீவனும் இருந்தது. கட்டில் காலில் கட்டிப் போட்ட கறுப்புக் கிடாய்.

கிடாய் எதற்கென்றால், அன்றைக்கு ஒச்சுவின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. எழுமலைக்குப் போகிற வழியில் மேட்டுப்பட்டி, தங்கை வாக்கப்பட்ட ஊர். அந்தப் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் சீரோடும் கிடாயோடும் வந்து இறங்கவேண்டும். ஒச்சுவுக்கு அது வெறும் சடங்கில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அந்தத் தங்கை பாண்டியம்மாளின் கல்யாணத்தன்று அவன் ஓட்டிய லாரி வழியில் நின்றுபோய், தாலி கட்டி முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தான். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது ஒச்சுவின் மனைவி போய் நடையாய் நடந்து சமாதானம் பேசியிருந்தாள். சமையலுக்கு உதவ இரண்டு நாள் முன்பே பஸ்ஸேறிப் போயும் இருந்தாள். தங்கை ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினாளாம். "முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள. வரலைன்னா எங்க சித்தப்பா மகன் மடில வச்சுக் குத்திக்கிறேன். அப்புறம் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்கிறதையே மறந்துர்றேன்."

ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். பிறகென்ன பயம் என்கிறீர்களா? பயப்பட வேண்டிய காரியத்தை நான் முதல் நாள் சாயங்காலமே செய்து முடித்திருந்தேன்.

காளவாசலில் உதிரி பாகக் கடை ஒன்றில் ஸ்டவ்வுக்குத் திரி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து வைத்தார். டீசலில் கலக்கிற மருந்து. எண்பத்தைந்து ரூபாய். புகை குறையும், மைலேஜ் கூடும், டேங்க்கிலிருந்து இஞ்சின் வரை கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்றார். ஆசையாகப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒச்சுவிடம் காட்டினேன். அவன் வண்டிக்கு அப்போதுதான் புது ஃபில்டர் மாட்டி முடித்து, டேங்க்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தான். பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நல்ல டீசலுக்கு மருந்து எதுக்கு மாப்ள? கெட்ட டீசலுக்கு மருந்து ஊத்துனாலும் நல்லதாகாது. வடிகட்டி ஊத்து, தண்ணிய எடு, ஃபில்டர மாத்து. அம்புட்டுதான் வைத்தியம்."

"கம்பெனிக்காரன் என்ன கூறுகெட்டவனா? ஆராய்ச்சி பண்ணித்தானே போட்டிருப்பான்?"

"புது வண்டிக்கு ஊத்தட்டும், நான் வேணாங்கல. இது எம்புட்டு வருசத்து டேங்கு! அடில மண்டி படிஞ்சு கெட்டியாக் கெடக்கு. அது பாட்டுக்குக் கெடக்குது. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதையா ஆக்காத."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாயம் போடுகிறவனிடம் போய் மருந்து வேண்டாம் என்கிறானே! உப்புப் போடாமல் பருத்தி நூலில் என்றைக்காவது நிறம் பிடித்திருக்கிறதா? எங்கள் தொழிலில் எந்தத் தண்ணீரும் தனியாக வேலை செய்யாது. கூட ஒன்று கலந்தால்தான் செய்யும். இது என் அப்பா காலத்திலிருந்து ரத்தத்தில் ஊறிய புத்தி. ஒச்சு டீ சொல்லப் போன நேரத்தில் மூடியைத் திறந்து டேங்க்கில் அரை பாட்டிலை ஊற்றிவிட்டேன். பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் அளவு இருந்தது, படிக்கவில்லை. சாயத்தொட்டிக்கு உப்பை எந்த நாளில் அளந்து போட்டேன், இதற்கு அளக்க?

காலை 6.50, செக்கானூரணி.

நாகமலை வலது கைப் பக்கம் கூடவே வந்தது. அப்போதெல்லாம் தேனி சாலையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழ, ஜன்னல் திரைகள் படபடக்க, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போன அந்த முக்கால் மணி நேரம் போல ஒரு சுகம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. செக்கானூரணியில் பருத்திப்பால் குடித்தோம், தம்ளர் இரண்டு ரூபாய். கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆட்டுக்குக் கட்டிலெல்லாம் போட்டுக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றார்.

கிடாய் அதற்குள் ஒரு திரையில் பாதியைத் தின்றிருந்தது. பத்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சோறு தண்ணியத் தவிர எல்லாத்தையும் திங்குது பாருங்க!"

ஒச்சு பட்டு வேட்டி கட்டியிருந்தான். ஓட்டும்போது அழுக்காகாமல் இருக்க மடியில் ஒரு துண்டு. சட்டைப் பையில் சின்னத் தோடு ஜோடி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எட்டு மணிக்கெல்லாம் போயி நிப்பேன் மாப்ள. அவ வாசத் தெளிக்கும்போதே போயி நிப்பேன்" என்று இரண்டு முறை சொன்னான்.

காலை 7.15, கருமாத்தூர் தாண்டி.

வண்டி இருமியது. ஏற்றம்கூட இல்லை, தட்டையான சாலை. இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. ஒச்சு இறங்கி, இருக்கைகளுக்கு நடுவிலிருந்த இஞ்சின் மூடியைத் தூக்கினான். நேற்று மாட்டிய ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். கறுப்பாகச் சேறு வழிந்தது.

"புது ஃபில்டருடா இது! ஒரு ராத்திரில இம்புட்டு மண்டி எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

 கழுவிவிட்ட மாதிரி ஆகும் என்று கடைக்காரர் சொன்னது என் காதில் கேட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் கையிருப்பில் இருந்த இன்னொரு ஃபில்டரை மாட்டி, கைப் பம்பை அடித்துக் குழாயில் புகுந்த காற்றை எடுத்து வண்டியைக் கிளப்ப முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை எழுதவே கூசுகிறது. அவன் கை கழுவப் போனபோது மீதி அரை பாட்டிலையும் டேங்க்கில் ஊற்றினேன். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பிடி உப்பு போடுவோம் இல்லையா, அந்தப் பழக்கம். மருந்து போதாததால்தான் பாதியில் நிற்கிறது, முழுதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று மனசார நம்பினேன். ஐயா, புத்திசாலி!

காலை 8.40, உசிலம்பட்டிக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால்.

இடையில் ஒருமுறை நின்று, அவன் பழைய ஃபில்டரை டீசலில் அலசி மாட்டி ஒரு கால் மணி ஓட்டியிருந்தான். இங்கே மூன்றாவது முறை. இப்போது அசையவே இல்லை. சுற்றிலும் உழுதுபோட்ட வெறும் காடு, தூரத்தில் ஒரு கிணற்றடித் தோட்டம் மட்டும் பச்சையாக. வெயில் ஏறிவிட்டது.

"அண்ணே, நீங்க பஸ்ஸ மறிச்சு ஏறிப் போயிருங்க. நாங்க பின்னால வாரோம்" என்றாள் பத்மா.

முகூர்த்த நாள். படியில் தொங்கிக்கொண்டு வந்த இரண்டு பஸ்கள் நிற்காமலே போயின. ஒரு டிராக்டர் நின்றது. அது போகிற திசை வேறு. ஒச்சு சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்தான். பட்டு வேட்டியில் கறுப்புக் கறை.

"சீரு, கெடா எல்லாம் வண்டில கெடக்க, வெறுங்கைய வீசிட்டுப் போற மாமனா நான்? அப்பிடியே போனாலும் அங்க போயி என்ன சொல்றது? ஆறு வருசத்துக்கு முன்னாடி லாரி நின்னுச்சுன்னேன். இன்னைக்கு வேனு நின்னுச்சுங்கவா? நம்புவாய்ங்களா மாப்ள?" துண்டை எடுத்து வேட்டிக் கறையைத் துடைத்தான். "டேங்க ஒழுங்காத்தான் பாத்தேன். தண்ணி எடுத்தேன். என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல."

அவன் மறுபடி எழுந்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். அப்போது பத்மா அலமாரியைத் திறந்து, காலி பாட்டிலை எடுத்து என் முன்னால் நீட்டினாள். எங்கள் பாஷையில் பேசினாள், அவனுக்குப் புரியாதபடி.

"இது என்ன?"

"மருந்து."

"அவருக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அங்க ஒரு மனுசன் தன் மேல தப்புன்னு நெனச்சுத் தரையில கெடந்து உருள்றாரு. நீங்க மரம் மாதிரி நிக்கிறீங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இருபது வருடக் குடித்தனத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. குனிந்தேன். வண்டிக்கு அடியில் அவன் முகம் தெரிந்தது. "ஒச்சு, நான் அந்த மருந்தை ஊத்திட்டேன்டா" என்றேன்.

திட்டுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டது ஒன்றுதான்.

"எம்புட்டு?"

"முழு பாட்டிலும்."

ஒரு நொடி கண்ணை மூடினான். பிறகு சரேலென்று வெளியே வந்தான். "அப்ப டேங்குல இருக்குற மண்டி பூராம் பேந்துருச்சு. ஆயிரம் ஃபில்டர் மாத்துனாலும் நிக்கத்தான் செய்யும். டேங்க விட்டுரு. வேற கேன்ல இருந்து டீசல் குடுப்போம். இத ஏழேகால் மணிக்கே நீ சொல்லிருந்தா இந்நேரம் போயிருப்போமேடா!" அவ்வளவுதான் அவன் என்னைச் சொன்னது. அந்த ஒரு வரியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேனைக் காலி செய்தோம். அதைத் தூக்கிக்கொண்டு நான் அந்தக் கிணற்றடிக்கு ஓடினேன். நாற்பது வயதுக்கு மேல் நான் ஓடிய ஒரே ஓட்டம் அது. அங்கே டீசல் இஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைப் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"காதுகுத்தா? தாய்மாமனா நிக்கிறான் ரோட்டுல? நல்லா இருக்குய்யா நாயம்! மாமன் இங்க நின்னா அங்க பிள்ள யாரு மடில உக்காரும்? எடுத்துட்டு ஓடு." டீசல் அப்போது லிட்டர் பத்து ரூபாய்ச் சொச்சம். ஐந்து லிட்டருக்கு நூறு ரூபாயை நீட்டினேன். "மொய்யில சேத்து எழுதிரு" என்று வாங்க மறுத்துவிட்டாள். அவள் பேர்கூடக் கேட்டு வரவில்லை.

இஞ்சினுக்கு டீசல் போகிற குழாய், மிச்சம் திரும்பி வருகிற குழாய், இரண்டையும் டேங்க்கிலிருந்து பிடுங்கிக் கேனுக்குள் விட்டான் ஒச்சு. ஃபில்டரை நன்றாக அலசி மாட்டினான். காற்றை எடுத்துச் சாவியைத் திருகியபோது வண்டி பிடித்துக்கொண்டது. பத்மா "முருகா" என்று கத்தினாள். மணி 9.50.

கேனைப் பிடிக்க ஆள் வேண்டும். முன்னிருக்கையில் உட்கார்ந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். உசிலம்பட்டிக் கடைத்தெருவில் ஒச்சு ஓட்டிய ஓட்டுக்கு, கை வண்டிக்காரரிலிருந்து மாட்டுக்காரர் வரை எல்லோரும் எங்கள் வம்சத்தையே வைதார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டீசல் என் சட்டையில் சிந்தியது. எனக்கு அது வேண்டியதுதான்.

காலை 10.25, மேட்டுப்பட்டி.

ஊர் தெரிவதற்கு முன்னாலேயே குழாய் ரேடியோ கேட்டது. பாட்டு சட்டென்று நின்றது. அப்புறம் மைக்கில் ஒரு குழந்தையின் வீறிட்ட அழுகை, ஊர் முழுக்க.

ஒச்சுவின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக எழுந்துவிட்டது. "குத்திட்டாய்ங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் சொன்ன விதம்! எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"அண்ணே, போங்க! ஓட்டுங்க!" என்று பின்னாலிருந்து பத்மா அதட்டினாள். "பிள்ளைக்கு ரெண்டு காதுண்ணே!"

பந்தலுக்கு முன்னால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவன் ஓடினான். நான் கேனைப் பிடித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன். சித்தப்பா மகன் மடியில் மூன்று வயதுக் குழந்தை, வலது காதில் ரத்தப் பொட்டோடு. ஆசாரி இடது காதுக்கு ஊசியைத் தூக்கியிருந்தார். பாண்டியம்மாள் திரும்பினாள். பட்டு வேட்டியெல்லாம் கறையாக, முகமெல்லாம் கரியாக நின்ற அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆசாரி, கைய எடுங்க."

"முகூர்த்தம் போகுது தாயி."

"இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. ஒரு காதுக்கு அது போதும்." அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "உக்காரு. பாதிக் காரியம் முடிஞ்சு வந்துருக்க, பாதிக் காதுதான் குடுப்பேன்."

கூட்டமே சிரித்தது. சித்தப்பா மகனும் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டார். ஒச்சு உட்கார்ந்தான், குழந்தை டீசல் நாற்றத்துக்கே பாதி அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைச் சுளித்தது. இடது காதில் மாமன் தோடு ஏறியது. அவன் குனிந்து குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டான், வெகுநேரம் நிமிரவில்லை.

பகல் 1 மணி, பந்தி.

இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். கறி சாப்பிடாத எங்கள் இரண்டு பேருக்கும் தனியாகச் சாம்பாரும் அப்பளமும் வைத்து அவ்வளவு மரியாதை. பாண்டியம்மாளின் புருஷன் வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார். "என்னய்யா மாமா, மதுரைல இருந்து வர நாலு மணி நேரமா? என்னதான் ஆச்சு?"

நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். வாயைத் திறந்தேன். ஒச்சு என் முழங்காலை இறுக்கி அழுத்தினான்.

"டேங்கக் கழுவாம வந்துட்டேன் மாமா. ஃபில்டரும் பழசு. நம்ம தப்புத்தான்."

பந்தி முழுக்கச் சிரிப்பு. மெக்கானிக் வீட்டு வண்டி லட்சணத்தைப் பார் என்றார்கள். பத்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு சாம்பாரைப் பிசைந்தேன்.

கை கழுவுகிற இடத்தில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நான் கூட்டியாந்த விருந்தாளிய நாலு பேரு முன்னாடி தலைகுனிய வைக்கலாமா? எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு. அதுல ஒரு கரண்டி கூடுனா என்ன கொறஞ்சுறப் போகுது?" என்றான்.

மாலை 5 மணி, புறப்பாடு.

அங்கிருந்து கம்பம், குமுளி என்று பத்து நாள் சுற்றுவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டோம். டேங்க்கை இறக்கிக் கழுவாமல் எங்கேயும் போக முடியாது. கேனை மடியில் வைத்துக்கொண்டே மதுரைக்குத் திரும்பவேண்டியதுதான். பாண்டியம்மாள் வண்டி வரைக்கும் வந்தாள். உள்ளே கட்டிலையும் அலமாரியையும் ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கண்ணனுக்குப் பொறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேண்ணே. ஒரு ஃபில்டர் மாத்தக்கூட அக்கறை இல்லாம வந்துருக்கு பாருங்க. போகட்டும், வந்துச்சே. நீங்கதான் கூட இருந்து புத்தி சொல்லணும்."

நான் தலையாட்டினேன். சரிம்மா, சொல்றேன் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அந்த வண்டியில் எத்தனையோ ஊர் போனோம். இரண்டாயிரத்து ஐந்தில் விற்றோம். புளியமரங்களை வெட்டிச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். இப்போது உசிலம்பட்டி போவது ஒரு விஷயமே இல்லை. என்னிடம் வண்டி பற்றிப் பேசுகிறவர்கள் டீசலுக்கு மருந்து ஊற்றலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். புது வண்டி என்றால் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், பழைய வண்டி என்றால் முதலில் டேங்க்கை இறக்கிக் கழுவுங்கள், எதுவானாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் ஊற்றாதீர்கள் என்பேன். எங்கள் ஊரில் எனக்கு நல்ல மனிதன் என்று பேர். அந்தப் பேரோடு பதினோரு வருடம் சௌகரியமாக இருந்துவிட்டேன். மேட்டுப்பட்டியில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இப்போது ஒன்பதாவது படிக்கிற அந்தக் காதுகுத்துப் பிள்ளைகூட மாமன் அங்கே போனால் "லேட் மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள். ஒச்சு சிரித்துக்கொள்கிறான்.

பாண்டியம்மா, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். உன் அண்ணன் முதல் நாளே டேங்க்கில் தண்ணீர் வடித்தான். புது ஃபில்டர் மாட்டினான். மருந்து வேண்டாம் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னான். கெடுத்தவன் நான். தெரிந்தும் உன் முகத்துக்கு நேராகத் தலையாட்டியவனும் நான். அன்றைக்கு அவன் நேரத்துக்குத்தான் கிளம்பினான், அம்மா.